கெபிக்குப் போன சைக்கிள்

அற்புதமேரி டீச்சரைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பிரம்பைத் தொடாமலே பிள்ளைகளை அடக்குகிறவர் என்பார்கள் தாய்மார்கள். குழம்பில் உப்புப் போட்டோமா என்று யோசித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் போடுகிறவர் என்பார் அவருடைய வீட்டுக்காரர். எனக்கோ அவரை நினைத்தால் ஒரு சைக்கிள்தான் முதலில் ஞாபகம் வருகிறது. இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷம், சத்துணவு ஆயா சின்னப்பொண்ணுவின் வேலையும் மானமும் அந்தச் சைக்கிளின் பெடல்மேல் போய் உட்கார்ந்துகொண்டன. டீச்சர் அவற்றை இறக்கிக் கொண்டுவந்த விதத்தை ஊரே பார்த்தது. பார்த்துவிட்டு ஊர் என்ன புரிந்துகொண்டது என்பது வேறு விஷயம். அதையும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஏரிக்கரை ஓரமாக இருக்கிறது. அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பாதி, வேதக்காரர்கள் பாதி. சண்டை வந்தால் வாய்க்கால் தண்ணீருக்காக வருமே தவிர, சாமிக்காக வந்ததில்லை. குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த கெபியில் மெழுகுவத்தி ஏற்றாத வீடு ஊரில் கிடையாது. பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் கோயில் சாவி, மணிக்கயிறு, ஜெபம், புத்திமதி எல்லாம் உபதேசியார் யாக்கோபு கையில்தான். அந்த யாக்கோபுதான் டீச்சரின் வீட்டுக்காரர். நல்ல மனுஷர். ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் அவருக்குக் கால் தரையில் நிற்காது.

டீச்சர் செங்கல்பட்டுப் பக்கம் பிறந்தவர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பயிற்சி முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர்தான் வாத்தியார்கள். பள்ளிக்கூடத்துக் கூரைமேல்தான் கரண்டு கம்பி போகிறது. அதில் காக்காய் உட்காரும். கம்பியால் பள்ளிக்கூடத்துக்கு வந்த லாபம் அந்தக் காக்காயின் எச்சம் மட்டும்தான். இணைப்புக் கேட்டு எழுதியிருக்கிறோம் என்று ஒவ்வொரு வருஷமும் மேலே இருந்து வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் மின்சாரம் என்று ஒரு பாடம். அருவி படம் போட்டிருக்கும். எங்கள் பிள்ளைகள் அருவியைப் பார்த்ததில்லை. ஏரி நிறைந்து வழிகிற கலங்கலில் தண்ணீர் விழுவதைத்தான் பார்த்திருக்கிறார்கள். அங்கே விழுந்த தண்ணீரில் மீன்தான் வந்ததே தவிர வெளிச்சம் வந்ததில்லை. கரண்டு எங்கேயிருந்து வருகிறது என்று டீச்சர் கேட்டாராம். டில்லிபாபு என்கிற பையன் எழுந்து, லைன்மேன் இடுப்பில் கட்டியிருக்கும் தோல் பையிலிருந்து வருகிறது என்றானாம். அவர் பையோடு ஏறினால் கரண்டு வருகிறது, இறங்கிப் போய்விட்டால் போய்விடுகிறது, அதனால் அப்படித்தான் என்று காரணமும் சொன்னானாம். டீச்சருக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

காஞ்சிபுரத்தில் வாத்தியார்களுக்கு நடந்த ஒரு அறிவியல் முகாமில்தான் அவர் அந்த மிஷினைப் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பின் சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டு, பழைய வண்டி டைனமோ ஒன்றைச் சுற்ற வைத்திருந்தார்கள். ஏறி மிதித்தால் பல்பு எரியும். அவ்வளவுதான். டீச்சர் அதையே மூன்று நாளும் சுற்றிச் சுற்றி வந்தாராம்.

வீட்டில் இருந்த ஒரே சைக்கிள் உபதேசியாருடையது. பக்கத்துக் கிராமங்களுக்கு ஜெபத்துக்குப் போவது அதில்தான். அதைக் கேட்டால் தரமாட்டார் என்று டீச்சருக்குத் தெரியும். அதனால் யாகப்பர் திருநாள் வரும்வரை பொறுத்திருந்தார். அது உபதேசியாரின் பெயர்கொண்ட புனிதரின் நாள். அன்றைக்கு யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அவரே வைத்துக்கொண்ட விரதம். காலை ஜெபம் முடிந்து வெளியே வந்தவரிடம் டீச்சர் கேட்டார். அவர் கோயிலைத் திரும்பிப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள் என்றார்.

டைனமோவும் பெல்ட்டும் படப்பையில் ஒரு வண்டிப் பட்டறையில் கிடைத்தன. ஒரு பலகையில் ஐந்து லாரி பல்பு, ஐந்து சுவிட்ச். வகுப்பின் ஜன்னலைச் சாக்கால் மூடி இருட்டாக்கிவிட்டு, டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றினார். முதலில் சுவிட்ச் எதுவும் போடாமல் மிதிக்கச் சொல்வார். கால் காற்றாகச் சுற்றும். ஒரு சுவிட்சைப் போடுவார். ஒரு பல்பு எரியும், பெடல் கொஞ்சம் பிடிக்கும். இரண்டு, மூன்று என்று போடப் போடப் பெடல் கனத்துக்கொண்டே போகும். சும்மா எதுவும் வராது, எரிகிற ஒவ்வொரு பல்புக்கும் யாரோ எங்கேயோ மிதிக்கிறார்கள், நம் வீட்டுப் பல்புக்குத் தண்ணீரோ நிலக்கரியோ மிதிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, மேலே உட்கார்ந்திருந்த செந்தாமரை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாளாம்.

"டீச்சர், ஒவ்வொரு லைட்டுக்கும் கேரியர்ல ஒரு ஆளு ஏறிக் குந்துற மாதிரி கீது டீச்சர்."

புத்தகம் எழுதினவருக்கு இது தோன்றவில்லையே என்று டீச்சர் பக்கத்து வீட்டில் இருக்கிற என்னிடம் வந்து பெருமைப்பட்டார். ஐந்தாவதை விட்டுப் போவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன் காலால் ஒரு பல்பை எரித்துவிட வேண்டும் என்று வகுப்பில் வாக்குக் கொடுத்துவிட்டார். பாதிப் பிள்ளைகள் ஏறி முடித்திருந்தபோது மாதா திருவிழா வந்தது.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் டிரான்ஸ்பார்மர் புகைந்து நின்றுபோயிற்று. கரண்டு ஆபீசில் கேட்டதற்கு, திருவிழா முடிவதற்குள் எப்படியும் சரிசெய்துவிடுவோம், எந்தத் திருவிழா என்று மட்டும் கேட்காதீர்கள் என்கிற மாதிரி பேசி அனுப்பினார்கள். கெபி இருட்டாகக் கிடந்தது. உபதேசியார் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"ஒரே ஒரு நாள் குடு மேரி. கொடி ஏறினதும் நானே தூக்கிகினு வந்து வச்சிட்றேன்."

சைக்கிள் கெபிக்குப் போனது. ஒரு பல்பை மாதாவின் பாதத்திலும் மற்ற நான்கையும் கெபியின் வளைவைச் சுற்றியும் கட்டினார்கள். யார் மிதிப்பது என்ற பேச்சு வந்தபோது, கோவிந்தம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் அம்மன் கோயில் தெருக்காரி. மகன் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தான். பாதத்து விளக்கு மட்டும் எரிய, ஜெபமாலை முடியும்வரை கோவிந்தம்மா மிதித்தாள். மறுநாள் தபாலில் மகனுக்கு வேலைக்கு வரச்சொல்லி வந்துவிட்டது. அந்தத் தபால் மூன்று நாளுக்கு முன்னாலேயே போட்டது என்று தபால் முத்திரையில் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் சைக்கிள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. மிதி நேர்த்தி என்று ஒன்று புதிதாகப் பிறந்துவிட்டது. கம்பெனி வேலை வேண்டுமென்று ஒருவர், மாடு சினை பிடிக்க வேண்டுமென்று ஒருவர், மருமகள் வாய் குறைய வேண்டுமென்று ஒருவர். மாமியார் மிதித்துவிட்டு இறங்கியதும், மாமியார் வாய் குறைய வேண்டுமென்று மருமகள் ஏறினாள். டிரான்ஸ்பார்மர் சரியான பிறகும், மாதாவுக்குக் கரண்டு விளக்கைவிடக் கால் விளக்குத்தான் பிரியம் என்று சொல்லிவிட்டார்கள். நொச்சி எண்ணெய் தேய்த்துக் கெண்டைக்காலை உருவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உபதேசியார் வரிசையை ஒழுங்கு பண்ணினார், சுவிட்சுகளைப் போட்டார், அணைத்தார். அப்படி ஒரு கூட்டத்தை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

இங்கேதான் விஷயம் திரும்பியது. உபதேசியார் மரியாதை தெரிந்தவர். ஏழை பாழைகள் ஏறினால் பாதத்து விளக்கு ஒன்றை மட்டும் போடுவார். கொஞ்சம் வசதியானவர் ஏறினால் இரண்டு மூன்று போடுவார். ஊர்ப் பெரிய மனுஷர் ஏறினால் கெபி முழுக்க ஜெகஜோதியாக இருக்க வேண்டாமா. ஐந்தும் போட்டுவிடுவார்.

திருவிழா முடிந்து சாமியார் நன்றிப் பூசைக்கு வந்திருந்த அன்று, மில்லுக்காரர் ரகுபதி ஏறினார். நெல் அரவை மில், ஏரிக்கரை நிலம், இரண்டும் அவருக்கு இருந்தன. நிலம் எப்படி வந்தது என்பது பற்றி ஊரில் கிசுகிசு உண்டு. கம்பெனிக்காரர்கள் நிலம் தேடி வருகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, அவருடைய வரப்பு வருஷத்துக்கு ஒரு முழம் ஏரிக்குள் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் மாதாவிடம் பக்தி உள்ளவர். திருவிழாவுக்கு மாதாவுக்கென்று ஜரிகை போட்ட நீலப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஐந்து விளக்கும் போடப்பட்டன. பெடல் அசைய மறுத்தது. மில்லுக்காரர் பல்லைக் கடித்தார், கண் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. விளக்கெல்லாம் செத்தவன் கண் மாதிரி மங்கலாக ஒரு முறை முழித்துவிட்டு அணைந்தன. அவரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். அந்தக் களேபரத்தில்தான் சாமியார் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே உபதேசியாரிடம் ஏதோ சொன்னார். உபதேசியார் சுவிட்சுப் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆகட்டும் சாமி, ஆகட்டும் சாமி என்றார்.

மில்லுக்காரருக்கு அடுத்து ஏறினது, ஏரியில் நண்டு பிடித்து விற்கும் ஒரு கிழவர். அவருக்கு ஒரு விளக்கு. தென்றல் மாதிரி மிதித்துவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அன்றைக்கு ராத்திரிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாவம் கனத்தால் பெடல் கனக்கும்.

அடுத்த நாளிலிருந்து கெபிக்கு வருகிறவர்களின் நடையே மாறிப்போயிற்று. ரேஷன் கடைக்காரருக்குத் திடீரென்று முட்டி வலி வந்துவிட்டது, மிதிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். பால் சொசைட்டியில் அளக்கிறவர், எனக்கு வேறு சாமி என்று ஒதுங்கிக்கொண்டார். வசதியானவர்களுக்கெல்லாம் கனத்தது, கூலிக்காரர்களுக்கெல்லாம் லேசாகப் போனது. ஊரில் பலர் பல வருஷமாக மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததற்கும் இது சரியாகப் பொருந்தியது. அதனால் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. உபதேசியாரும் சந்தேகப்படவில்லை. தம்முடைய விரல்தான் பாவக்கணக்குப் பார்க்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இதை நான் அவருக்காகச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவர் பொய் பேசுகிறவர் இல்லை.

டீச்சர் மிஷினைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். பாக்கிப் பிள்ளைகள் ஏறவில்லையே என்றால், மாதாவைவிடப் பிள்ளைகள் பெரிசா என்று கேட்டார் உபதேசியார். குழந்தைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று சொன்னவர் யார் என்று டீச்சர் திருப்பிக் கேட்டார். அந்த வசனத்துக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை என்று உபதேசியார் சொல்லிவிட்டார். டீச்சர் கரும்பலகையில் பெடல் படம் போட்டுப் பாடம் நடத்தினார். ஏறாத பிள்ளைகள் ஏறின பிள்ளைகளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் மாதாவின் நீலப் பட்டுச்சேலை காணாமல் போயிருப்பது தெரிந்தது.

கோயில் துணிகளைத் துவைத்துக் காயவைப்பவள் சின்னப்பொண்ணு. பகலில் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு ஆயா, சாயங்காலம் கோயிலுக்கு இந்தச் சேவை. புருஷன் இல்லாதவள். இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அந்த ஆயா வேலைதான் சோறு. கோயில் பீரோவில் சேலை இல்லை என்றதும் முதலில் அவள் பெயர்தான் அடிபட்டது. கையால் தொட்டவள் அவள்தானே. மில்லுக்காரருக்கு அது போதுமாக இருந்தது. பெடல் விஷயத்தில் பட்ட அவமானத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். போலீசு எதுக்கு, நம்மகிட்டதான் மாதா மிஷின் இருக்கே என்றார். சனிக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் ஊர் கூடட்டும், சின்னப்பொண்ணு ஏறட்டும், லேசாகப் போனால் அவள் சுத்தம், கனத்தால் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இல்லை, ஊரிலும் இடமில்லை. உபதேசியார் யோசித்துப் பார்த்து, நியாயமாகத்தான் இருக்கிறது என்றார்.

சின்னப்பொண்ணு அழவில்லை. சோறு வடிக்கிற கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று டீச்சரிடம் ஒன்றுதான் கேட்டாளாம்.

"டீச்சரம்மா, நான் எடுக்கல. அது மிஷினுக்குத் தெரியுமா?"

 டீச்சர் அன்று சாயங்காலம் கெபிக்கு வந்து, கூட்டத்தின் பின்னால் நின்று, ஜெபமாலை உருட்டுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு புருஷனின் விரலையே பார்த்தார். கட்டட மேஸ்திரி ஏறினார், மூன்று சுவிட்ச். வண்ணார் வீட்டுப் பெண் ஏறினாள், ஒரு சுவிட்ச். சைக்கிள் கடைக்காரர் ஏறினார், இரண்டு. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் என்ன நடந்தது என்பது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பல்பு கூடினால் பெடல் கனக்கும், அதற்கும் பாவத்துக்கும் சம்பந்தமில்லை, இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் என்று டீச்சர் சொன்னார். நீ படிச்சவ, உனக்கு விசுவாசம் குறைச்சல் என்று உபதேசியார் சொன்னார். சனிக்கிழமை எத்தனை சுவிட்ச் போடுவீர்கள் என்று டீச்சர் கேட்டார். ஊரே கூடுகிற நாள், மில்லுக்காரர் நாற்காலி போட்டு உட்காரப் போகிறார், ஐந்தும் போடாமல் எப்படி என்று அவர் கேட்டார். அப்புறம் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும்தான்.

கோவிந்தம்மாவுக்கும் எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. மறுநாள் கிணற்றடியில் டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். "கம்முனு ஒரே லைட்ட போடச் சொல்லு டீச்சர். ஆயா சும்மா பறக்கும். மாதாவும் கண்டுக்காது, மில்லுக்காரனும் வாய மூடிக்குவான். எதுக்கு வம்பு?"

டீச்சர் அதை இரண்டு நாள் யோசித்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு நாளும் அவர் வீட்டுக் குழம்பு உப்புக் கரித்தது என்று உபதேசியார் என்னிடமே வந்து குறைப்பட்டார். கடைசியில் டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். இன்றைக்கு ஒரு சுவிட்சால் ஒருத்தி தப்பித்தால் நாளைக்கு ஐந்து சுவிட்சால் இன்னொருத்தி சாவாள், சுவிட்ச் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அப்புறம் ஊருக்குக் கடவுள் என்றார். எங்களுக்கெல்லாம் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் ஆயாவை நினைத்தால் கோவிந்தம்மா சொன்னதும் சரி என்றுதான் பட்டது.

சனிக்கிழமை வந்தது. கெபிக்கு முன்னால் பாய் விரித்து ஊர் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ். மில்லுக்காரர் நாற்காலியில். சின்னப்பொண்ணு வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபமாலை முடிந்து உபதேசியார் சுவிட்சுப் பலகைக்குப் போனபோது, டீச்சர் ஐந்தாம் வகுப்பை வரிசையாக அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். செந்தாமரை போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ஆயா ஏறட்டும், நான் வேணாங்கல" என்றார் டீச்சர். "ஆனா சைக்கிளு எங்க வூட்டுக்காரரோடது. வெளியாள ஏத்துறதுக்கு முன்னால சொந்தக்காரர் ஏறிக் காட்றதுதான முறை."

கூட்டத்துக்கு அது பிடித்திருந்தது. உபதேசியாருக்கும் பிடித்திருந்தது. இத்தனை நாள் மற்றவர்களை ஏற்றி இறக்கினாரே தவிர அவர் ஏறினதில்லை. தம் பெடல் எப்படிப் போகும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிதா சுதன் என்று சிலுவை போட்டு, ஏறி உட்கார்ந்தார்.

சுவிட்ச் எதுவும் போடவில்லை. கால் காற்றாகச் சுற்றியது. உபதேசியார் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். செந்தாமரை முதல் சுவிட்சைப் போட்டாள். மாதாவின் பாதத்தில் வெளிச்சம் விழுந்தது. "ஒரு ஆளு ஏறிட்டாரு" என்றாள். இரண்டாவதைப் போட்டாள். "இன்னொரு ஆளு." பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது ஆளு ஏறியபோது உபதேசியாரின் சிரிப்பு இறங்கிவிட்டது.

"இப்போ இவரு சைக்கிள்ல குந்திகினு இன்னா பாவம் பண்ணிட்டாரு?" என்று டீச்சர் கூட்டத்தைக் கேட்டார். "ஏறும்போது இல்லாத கனம் எங்கேருந்து வந்திச்சி?"

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் முழித்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். நான்காவது சுவிட்ச். உபதேசியாரின் முதுகு நனைந்துவிட்டது. மில்லுக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஓய் உபதேசியாரே, அன்னிக்கு எனக்கு எத்தினி லைட்டு போட்டீரு?"

"அஞ்சும்தான் மொதலாளி" என்று உபதேசியார் மூச்சுக்கு நடுவில் சொன்னார். "உங்க மரியாதைக்கு."

"மரியாதையா? நான் ஒரு வாரம் வூட்ட வுட்டு வெளிய தல காட்டல."

ஊர் சிரித்தது. டீச்சர் முகத்தில் முதல்முறையாகத் தெம்பு வந்தது. பாடம் ஏறிவிட்டது. இன்னும் ஒரே ஒரு சுவிட்ச் பாக்கி, அதையும் போட்டுவிட்டால் ஐந்தாம் வகுப்பின் விதி ஊரின் விதியாகிவிடும். செந்தாமரை டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார். ஐந்தாவது சுவிட்ச் விழுந்தது.

உபதேசியார் ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் கால் திணறியது. ஒளி ஏறிக்கொண்டு வந்து அவர் முகத்தில் அடித்தபோது அவர் எதிரே மாதாவைப் பார்த்தார். மாதா அன்றைக்குப் பழைய பருத்திச் சேலையில் இருந்தார். உபதேசியாரின் வாய் திறந்தது.

"ஐயோ, சேல" என்றார். "சாமியாருல்ல எடுத்துகினு போனாரு. ஜெபமாலை மாதா திருநாளுக்குப் பக்கத்துக் கோயிலுக்கு வேணும்னு எங்கிட்ட சொல்லிட்டுதான் போனாரு. அன்னிக்கு, மொதலாளி ஏறினப்போ. எனக்கு ஞாபகமே இல்ல."

கால் நின்றது, விளக்குகள் அணைந்தன. சின்னப்பொண்ணு பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

கோவிந்தம்மா கையைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு சொன்னாள். "பாத்தீங்களா. பெடலு உண்மைய வரவெச்சிடுச்சி."

அவ்வளவுதான். கெபி முழுக்க மாதாவே மாதாவே என்று முணுமுணுப்பு எழுந்தது. டீச்சர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. மில்லுக்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அவருக்கு ஆனது விஞ்ஞானமாம், உபதேசியாருக்கு ஆனது மாதாவின் அற்புதமாம். இரண்டையும் ஒரே சைக்கிள் ஒரே ராத்திரியில் செய்துவிட்டதென்று ஊரும் ஒப்புக்கொண்டது. டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டில்லிபாபு மட்டும், இது லைன்மேன் பை மாதிரி இல்ல டீச்சர், இது வேற என்று ஆறுதல் சொன்னான்.

உபதேசியார் அங்கேயே, எல்லாரும் பார்க்க, சின்னப்பொண்ணுவின் முன்னால் கைகூப்பி நின்றார். அது சுலபமில்லை. கூட்டத்தை விரும்புகிற மனுஷருக்குக் கூட்டத்தின் நடுவில் தலைகுனிவது எப்படிப்பட்ட கனம் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னப்பொண்ணு எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "போங்க உபதேசியாரே, மறதி யாருக்குதான் இல்ல" என்றாள். பிள்ளைகளின் கையைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, "ஆனா எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோழி கூவுகிற நேரத்தில் உபதேசியார் தம் கையாலேயே சைக்கிளை ஸ்டாண்டு, டைனமோ, பலகை சகிதம் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்தார். டீச்சர் பாடத்தால் அல்ல, பயத்தால். அடுத்த தடவை அது வேறு எதை வரவழைக்குமோ என்று அவருக்கு உதறல். எப்படி வந்தால் என்ன, வந்ததே என்று டீச்சர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார். சேலையும் திருநாள் முடிந்து சாமியாரோடு திரும்பி வந்தது. கம்பெனி வேலைக்காக மிதித்தவர்களில் சிலருக்கு வேலை கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் மட்டும்தான் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உபதேசியார் இப்போது பக்கத்துக் கிராமங்களுக்கு நடந்தே போகிறார். வேறு சைக்கிள் வாங்கிக்கொள்ளச் சொன்னால், நடந்தால் கால் எதையும் உளறாது என்கிறார்.

பாக்கிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். சாக்குப் போட்ட இருட்டு வகுப்பில் ஒவ்வொரு முகமாக வெளிச்சத்தில் வந்தது. கடைசிப் பிள்ளை இறங்கினபோது, சோற்று மணி அடிக்க வந்த சின்னப்பொண்ணு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குன்னு ஊரக் கூட்டினாங்க, கடைசில என்ன ஏறவே வுடலியே டீச்சரம்மா" என்றாள். "ஒரு தடவ ஏறட்டா?"

பிள்ளைகள் வழி விட்டார்கள். செந்தாமரை பாதத்து விளக்காக இருந்த சுவிட்சில் கை வைத்தாள். "எல்லாத்தையும் போடு கண்ணு" என்றாள் ஆயா. ஐந்தும் விழுந்தன. தினமும் ஏரிக்கரையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்குகிற கால். பெடல் ஒரு முறை முனகியது, பிறகு சுற்றியது. ஐந்து விளக்கும் வெள்ளையாக எரிந்தன. வகுப்பே பகலாயிற்று. ஆயாவுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

"இதுக்காடா அந்த மில்லுக்காரரு அப்பிடித் துடிச்சாரு?" என்று கேட்டுக்கொண்டே மிதித்தாள்.

செந்தாமரைக்குக் குழப்பமாகிவிட்டது. அஞ்சு ஆளு ஏறியிருக்காங்களே, கனக்கணுமே, நாம படிச்சது தப்பா என்று டீச்சரின் காதில் கேட்டாள். டீச்சர் சிரித்துவிட்டார். கனக்கத்தான் கனக்குது, ஆயா சொல்லல, அவ்ளோதான் என்றார்.